இண்டோர் பேஸ்பால் தொடக்க விழா

கிழக்கு லண்டனில் எங்கள் ஆட்கள் ஒரு காரியத்தை ‘இண்டோர் பேஸ்பால்’ என்று சொன்னால், அங்கே கூட்டம் நடக்கும், காரியம் நடக்காது, என்ன பேசுகிறார்கள் என்பது உள்ளே இருப்பவர்களைத் தவிர வேறு ஒருவருக்கும் விளங்காது என்று பொருள். கோயில் கூரைத் திருத்த வேலை இண்டோர் பேஸ்பால். கலியாணப் பேச்சு இழுபட்டால் அதுவும் இண்டோர் பேஸ்பால். இப்படி ஒரு விளையாட்டு உண்மையிலேயே இருந்தது என்பது இதைச் சொல்கிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஓடியிருக்கிறேன்.

அதைக் கொண்டுவந்தவள் மாலினி. சிங்கப்பூர்ப் பெண். படிக்க வந்து, கணக்காளராகி, பிளேஸ்டோவில் தனியாகத் தங்கிவிட்டவள். பள்ளிக்கூடத்தில் சாஃப்ட்பால் ஆடியிருக்கிறாள். லண்டன் மழையில் மைதானம் சரிவராது என்று, எங்கள் சமூக மண்டபத்துக்குள்ளேயே நாலு மூலைக்கும் நாலு பாய் போட்டு, பெரிய மெத்தென்ற பந்தோடும் கட்டை மட்டையோடும் தொடங்கினாள். சாஃப்ட்பால் பிறந்ததே இப்படி மண்டபத்துக்குள்தான், அப்போது அதற்குப் பெயர் இண்டோர் பேஸ்பால் என்று சொன்னதும் அவள்தான். பந்தை அடி, பாய் பாயாக ஓடு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வா. இலங்கையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லே என்று இதே மாதிரி அடித்து ஓடும் ஆட்டம் ஆடிய எங்களுக்கு இது என்ன பெரிய வித்தை!

சனிக்கிழமை பின்னேரம் பெண்களாகச் சேருவோம். பிள்ளைகளையும் சமையலையும் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு வந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடும் அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். மாலினிக்கோ வாரம் விடிவதே அதற்காகத்தான்.

இரண்டாயிரத்து நாலில் கவுன்சில் ஒரு விதி கொண்டுவந்தது. பதிவு செய்த சங்கத்துக்குத்தான் மண்டபம். பியற்றிஸ் என்றொரு அதிகாரி நேரில் வந்து பார்த்து, அந்த ஒரு மணித்தியாலம் எங்களுக்கா, காத்திருக்கும் கராத்தேக்காரருக்கா என்று முடிவெடுப்பார். எங்களுக்கு ஏது சங்கம்? மாலினி ஞானரட்ணம் அண்ணையிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். அண்ணையின் விளையாட்டு ஒன்றியத்தில் பதிவு இருந்தது, தலைவர் இருந்தார், உப தலைவர்களும் போஷகர்களும் இருந்தார்கள். விளையாட்டு மட்டும் இல்லை.

“ஓம் பிள்ளை, இது எங்கடை கடமையெல்லே,” என்றார் அண்ணை. “ஆனா முறையா ஒரு தொடக்க விழா வைக்காமல் பந்தைத் தொடக்கூடாது.”

“ஆடிக் காட்டுனாலே போதும் அண்ணே. ஒரு மணி நேரந்தான் இருக்கு,” என்றாள் மாலினி.

“அதெல்லாம் நான் பாக்கிறன்.”

பார்த்தார். சனிக்கிழமை நாங்கள் போனபோது, பாய் போடும் இடமெல்லாம் கதிரை. மேடையில் குத்துவிளக்கு. முன்வரிசையில் பியற்றிஸ், நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு, மடியில் மாலை. விளக்கேற்ற அச்சடித்த பெயர்கள் ஐந்து. ஏற்ற மேடை ஏறியவர்கள் அதைப்போல இரண்டு மடங்கு. பாதியில் தீ அலாரம் அடித்துவிடும் என்று பயந்து மண்டபக் காவலாளி ஓடிவந்து விளக்கை அணைத்தார். அவரைச் சமாதானப்படுத்தித் திரும்பவும் ஏற்றினார்கள், விட்ட இடத்திலிருந்து இல்லை, முதலிலிருந்து.

பிறகு மௌன அஞ்சலி, வரவேற்புரை, பொன்னாடைகள். தலைமையுரையில் அண்ணை தொண்ணூற்றாறாம் ஆண்டுக்குப் போய்விட்டார். ஒன்றியம் இரண்டாக உடைந்து, அதன் வொலிபோல் வலையும் காணாமல் போன ஆண்டு அது.

“வொலிபோல் வலை ஆரிட்டை இருக்கெண்டு இண்டைக்கு இந்தச் சபையிலை நான் சொல்லத்தான் வேணும்!”

பாதிச் சபை கை தட்டியது. மற்றப் பாதி எழுந்து நின்று கத்தியது. பியற்றிஸ் என் பக்கம் குனிந்து, “விளையாட்டின் விதிகளைச் சொல்கிறாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை, ஒரு வலையைப் பற்றி.”

“இந்த விளையாட்டில் வலை உண்டா?”

“இல்லை.”

அவர் பேனாவை மூடிவிட்டார். எனக்கு அண்ணையின் மைக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. மாலினி பின்சுவரோடு மட்டையும் கையுமாக நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நேரம் முடியப்போகுது,” என்றாள் என்னிடம் வந்து. அழுதுவிடுவாள் போலிருந்தது. “இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்லக்கா.”

பக்கத்தில் அமராவதி அக்கா இருந்தா. ஈஸ்ட்ஹாமில் சேலைக் கடை வைத்திருக்கிறவ. எங்களுக்குள் அவவைப்போலப் பந்து எறிய ஆளில்லை. நன்றியுரை போய்க்கொண்டிருக்கும்போதே அவ எழுந்து சேலையை இழுத்துச் செருகினா.

“நில்லும் பிள்ளை அங்கை. நான் எறியிறன்.”

கதிரை வரிசைகளின் நடுவால் பந்து போனது. மாலினி அடித்தாள். பந்து போஷகர்களின் தலைக்கு மேலால் போய், பொன்னாடைத் தட்டை விழுத்தி, மேடைத் திரையில் மோதியது. மாலினி கதிரைகளைச் சுற்றி நாலு மூலைக்கும் ஓடினாள். நாங்கள் கத்தினோம். பியற்றிஸ் பொட்டோடு எழுந்து நின்று கை தட்டினார்.

“இதுதான் எனக்கு விளங்கியது,” என்றார். “மண்டபம் இந்தப் பெண்களுக்கு. ஒன்றியத்துக்கு இல்லை. தங்கள் பெயரில் ஒரு சங்கம் பதியட்டும், அது போதும்.”

மாலினி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அவ்வளவு சந்தோசம்.

சங்கம் பதிவது பத்து நிமிச வேலை. அடுத்த சனிக்கிழமை கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டோம்.

“எனக்குப் பதவி ஆசை இல்லை,” என்றா அமராவதி அக்கா. “ஆனா பந்தை எறிஞ்சது நான்.”

“அப்ப முதல் நாள் பாய் கொண்டுவந்து தந்தது ஆர்?” என்று கேட்டா எங்களோடு ஓடுகிற வசந்தமலர்.

அது அன்றைக்கு முடியவில்லை. அடுத்த கிழமையும் முடியவில்லை. அதற்கடுத்த கிழமை பெயருக்கு ஒரு உபகுழு, சங்கத்தின் விதிகளை எழுத, அதாவது யாப்புக்கு, ஒரு உபகுழு. நான் கூட்டக் குறிப்பு எழுதினேன். மாலினி மண்டபத்தின் மற்றத் தொங்கலில், கடைசி மூலையில், தனியே நின்று சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள். டொம், டொம் என்று அது எங்கள் பேச்சில் குறுக்கிட்டது.

“மாலினி, கொஞ்சம் சத்தம் போடாமல் இருக்கேலாதோ?” என்றா தலைவி அமராவதி அக்கா. “இஞ்சை விளையாட்டைப் பற்றியெல்லோ கதைக்கிறம்.”

மாலினி பந்தைப் பையில் போட்டாள். அதன்பிறகு வரவில்லை. கராத்தேயில் சேர்ந்துவிட்டாளாம். அங்கே கூட்டமே இல்லையாம், போனவுடன் அடிதானாம்.

அவள் இல்லாதது எங்கள் எல்லாருக்கும் பெரிய கவலை. அவளைக் கௌரவித்து ஒரு விழா எடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். விளக்கை யார் ஏற்றுவது என்பதில்தான் இன்னும் இழுபறி.