கையெழுத்துப் போடாத நாள்

கேட்டுக்குள் நுழையும்போதே வாட்ச்மேன் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு உனக்குச் செத்த நாளாச்சே? பொணம் குடை பிடிச்சுக்கிட்டு வருது!"

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பொறந்துடுவேன்ணே. தொட்டில் கட்டி வைங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் குடையை மடக்கினாள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஊழியர்களுக்கு வேலை உத்தரவு பதினொரு மாதத்துக்குத்தான். பதினொரு மாதம் முடிந்ததும் ஒரே ஒரு நாள் வேலை கிடையாது. மறுநாள் புது உத்தரவு, புதுக் கணக்கு. எந்த மகராசன் கண்டுபிடித்த ஏற்பாடோ, அந்த ஒரு நாளுக்கு அலுவலகம் வைத்த பேர் பணி இடைவெளி. தற்காலிகக்காரர்கள் வைத்த பேர் செத்த நாள். ஆனால் செத்தவர்களுக்கும் அங்கே ஓய்வு இல்லை. வர வேண்டும், வேலை செய்ய வேண்டும், வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. வராமல் இருந்து பார்த்த ஒருத்திக்கு மறுநாள் உத்தரவு வரவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள்.

வேதியியல் ஆய்வகத்தில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கும் அவளை மாணவர்கள் லேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு இது ஒன்பதாவது சாவு. மறுநாள் செய்முறைத் தேர்வு. துறைத் தலைவர் முந்தின சாயங்காலமே சொல்லிவிட்டார்: "வந்துடுங்கம்மா. கையெழுத்து மட்டும் வேணாம்."

அறுபது பேருக்குக் கரைசல் தயாராக வேண்டும். பெரிய கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை வைத்து, அமிலத்தைச் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும். மாற்றி விட்டால் முகத்தில் தெறிக்கும். குடுவை சூடேற ஏற, ஈரத் துணியால் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பெர்மாங்கனேட்டை நிறுத்துக் கரைத்தாள். கையுறை தீர்ந்து இரண்டு மாதமாகிறது. கத்தரிப்பூ நிறத்தில் கரையும் அந்த உப்பு விரலில் பட்டால் பழுப்பாகிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் சோப்புக்குப் போகாது. நாலு மாத வயிறு மேஜை விளிம்பில் இடித்ததால் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நின்றே வேலை செய்தாள்.

பதினொன்றரை மணிக்குப் பெண்கள் சமத்துவக் குழுவின் தலைவியான பேராசிரியை மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"லேப்பக்கா, உடனே வாங்க. அரங்கத்துல விழா நடக்குது. புதுச் சமத்துவக் கொள்கைப் புத்தகத்தோட முதல் பிரதியைத் துணைவேந்தர் ஒரு ஊழியர் கையில குடுக்கணுமாம். அதுவும் தற்காலிக ஊழியரா இருந்தா நல்லா இருக்கும்னு சொல்றாரு."

"மேடம், நான் இன்னிக்கு..."

"இன்னிக்கு என்ன? கோட்டைக் கழற்றுங்க, போதும். வாங்க வாங்க!"

நிரந்தர ஊழியர்களில் பலருக்குச் செத்த நாள் தெரியாது. எப்படிச் சொல்வது என்று இவள் யோசிப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேடை வெளிச்சத்தில் கண் கூசியது. துணைவேந்தர் ஒலிபெருக்கியில் படித்துக்கொண்டிருந்தார். பணியிடத்தில் பெண்களுக்குச் சம வாய்ப்பு. இனி தற்காலிகப் பெண் ஊழியர்களுக்கும் ஆறு மாதம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. ஒரு வருடம் தொடர்ந்து பணியாற்றியிருந்தால் போதும். விடுப்பு முடிந்து வரும்போது அதே வேலை காத்திருக்கும்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூத்த பெண் பிறந்தபோது இருபத்தெட்டாவது நாள் வேலைக்கு வந்தவள் அவள். பாலூறி நனைந்த ரவிக்கையை ஆய்வகக் கோட்டால் மூடிக்கொண்டு, நிறுவைக் கல்லை எடுத்து வைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அந்தப் பாடு இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டாள். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். கேமரா பளிச்சிட்டது. அரங்கம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில், வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா மட்டும் கைதட்டவில்லை. பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மூன்று மாதம் ஓடியது. ஏழாம் மாதத்தில் இவளுக்குக் கால் வீங்கியது, ரத்த அழுத்தம் ஏறியது. "படுத்தே இருக்கணும். நின்னு வேலை பாத்தீங்கன்னா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கென்ன, விடுப்புதான் இருக்கிறதே என்று விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு கண்காணிப்பாளர் அம்மாவிடம் போனாள்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு, மேஜைமேல் அவள் பக்கமாகவே நகர்த்தி வைத்தார்.

"உனக்கு இது வராது. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பாத்திருக்கணும்."

"ஒன்பது வருஷமா பாக்கறேனேம்மா."

"நடுவுல இடைவெளி இருக்கே. இப்ப உன் கணக்கு வெறும் மூணு மாசம்."

"அந்த ஒரு நாளும் வந்தேனேம்மா! உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாதே."

அவள் நின்றுகொண்டே யோசித்தாள்.

"அம்மா, எங்க எல்லாருக்குமே உத்தரவு பதினொரு மாசத்துக்குத்தானே? அப்ப ஒரு வருஷம் யாருக்கு வரும்? இந்த லீவு யாருக்குத்தான் கிடைக்கும்?"

"தகுதி இருக்கறவங்களுக்கு."

"அப்படி யாரும்மா இருக்காங்க?"

கண்காணிப்பாளர் அம்மா அடுத்த கோப்பைத் திறந்து, முனை மடங்கியிருந்த ஒரு தாளை விரலால் நீவி நேராக்கினார். "இதுவரைக்கும் யாரும் இல்ல" என்றார். வெளியே வந்தவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை வெளிச்சமும் அத்தனை கைதட்டலும் எதற்காக நடந்தன என்று அவளுக்குப் புரியவே இல்லை.

வீட்டில் கணவன், ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த கிரீஸ் கையோடு, முழுதையும் கேட்டான். கேட்டுவிட்டு, காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்த விழா மலரை எடுத்தான். விழா முடிந்த பிறகு பல்கலைக்கழகம் அச்சடித்துக் கொடுத்த அந்த மலரில், துணைவேந்தரும் அவளும் நிற்கும் படம் நடுப் பக்கம் முழுக்க வந்திருந்தது.

"கீழ என்ன போட்டிருக்கு படி."

"'முதல் பிரதியைப் பெறும் ஆய்வக உதவியாளர்.'"

"தேதி?"

தேதியும் இருந்தது. அவளுடைய செத்த நாள்.

"அட லூசு, அவங்களே அச்சடிச்சுக் குடுத்திருக்காங்க. உன் விரலைப் பாரு. எட்டு ஊருக்குத் தெரியுது கறை. அன்னைக்கு நீ வேலை பாத்ததுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அவள் படத்தை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். வழவழத் தாளில் பத்து விரலும் பழுப்பாக இருந்தன. அன்றைக்கு மேடையில் அதை நினைத்துக் கூசியிருந்தாள். இப்போது அந்தக் கறையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

மனு எழுத உதவியது பேராசிரியைதான். செத்த நாள் கதையைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்படி ஒரு நாள் இருக்கா? பதினேழு வருஷமா இங்க இருக்கேன். எனக்குத் தெரியாதே!"

"உங்களுக்கு எதுக்கு மேடம் தெரியணும்?"

பேராசிரியையின் முகம் சிவந்தது. "நானே உங்க கூட வர்றேன். இதை விடக் கூடாது" என்றார்.

நாலாவது நாள் பதிவாளர் கூப்பிட்டார். குளிர்சாதன அறை. பதிவாளர் எழுந்து நின்று வரவேற்றார். "உக்காருங்கம்மா, இந்த நேரத்துல நிக்கக் கூடாது" என்று நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். ஒரு பக்கம் துறைத் தலைவர், இன்னொரு பக்கம் பேராசிரியை. மேஜைமேல் அந்தப் படம்.

"இது நீங்கதானே?"

"ஆமா சார்."

"விரல்ல என்ன கறை?"

"பெர்மாங்கனேட் சார். மறுநாள் தேர்வுக்குக் கரைசல் போட்டேன்."

"அன்னைக்கேதானா? முந்தின நாள் கறையா இருக்குமோ?"

"இல்ல சார், அன்னைக்குக் காலைலதான். அமிலம்கூட நான்தான் கலந்தேன்."

பதிவாளர் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். அந்தப் பேனா ஓடுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பாரம் இறங்கியது. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை இன்றோடு முடிந்தது என்று நினைத்தாள். எழுதி முடித்து அவர் தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்க சொன்னதுதான். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

அவள் படித்தாள். எல்லாம் அவள் சொன்னதுதான். ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

பதிவாளர் தாளை எடுத்துக் கோப்பில் வைத்தார். "அன்னைக்கு நீங்க எங்க ஊழியர் இல்லம்மா. ஊழியர் இல்லாத ஒருத்தர் ஆய்வகத்துக்குள்ள அனுமதியில்லாம நுழைஞ்சு, அமிலத்தைக் கையாண்டிருக்கீங்க. நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இது பெரிய பாதுகாப்பு மீறல். இதுக்கு மேல உங்க உத்தரவைத் தொடர முடியாது."

அவர் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை உதைத்தது. அப்போதுதான் பேச்சு வந்தது.

"சார்... சார்தானே வரச் சொன்னீங்க?" என்று துறைத் தலைவரைப் பார்த்தாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் யாரையும் வரச் சொல்லலையே" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஐயா, என்ன அநியாயம் இது?" பேராசிரியை எழுந்துவிட்டார். "நான்தானே அவங்களை மேடைக்குக் கூட்டிட்டுப் போனேன்!"

"தெரியும் மேடம்" என்றார் பதிவாளர், அதே மரியாதையோடு. "ஊழியர் அல்லாதவரை மேடை ஏத்தினதுக்கு விசாரணை வரும். உங்க பேர் வராம நான்தான் பாத்துக்கிட்டிருக்கேன். சமத்துவ விருதுக் குழு வேற அடுத்த மாசம் வருது. நீங்கதானே எல்லாத்தையும் முன்ன நின்னு நடத்தணும்?"

பேராசிரியை நின்றபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். வேலை போனதைவிட அவர் உட்கார்ந்ததுதான் அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது. கூட வருவதாகச் சொன்னவர் கூட வர மட்டும்தான் வந்திருந்தார்.

மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள். விரல் கறை உரிந்து தோல் வெளுத்தது. எதைக் கேட்டாலும் திடுக்கிட்டாள். குக்கர் விசில் அடித்தால்கூட எழுந்து உட்கார்ந்தாள். நான் சொன்னதைத்தானே எழுதினார், நான்தானே கையெழுத்துப் போட்டேன் என்று கணவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் அவளுடைய வீங்கின காலைப் பிடித்துவிட்டான்.

அப்போதுதான் துறைத் தலைவர் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"எப்படிம்மா இருக்கீங்க? நாளன்னைக்கு மறு தேர்வு. எந்த பாட்டில்ல என்ன இருக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. புதுசா வந்த பையன் தண்ணியை அமிலத்துல ஊத்திட்டான், நல்லவேளை கண் தப்பிச்சுது. ஒரு மணி நேரம் வந்து கலந்து வச்சிட்டுப் போங்க. பிரசவம் முடியட்டும், உங்களைப் பத்திப் பதிவாளர்கிட்ட நானே பேசறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "வந்துடுங்கம்மா. கையெழுத்து மட்டும் வேணாம்."

அவர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட விடாமல் அவள் கணவனிடம் சொன்னாள். "போகாதே" என்றான் கணவன். "போய்ட்டு வந்துடறேன்" என்றாள் அவள்.

கேட்டில் புதிதாக ஆளுயரப் படம் ஒன்று வைத்திருந்தார்கள். சமத்துவ விருதுக் குழுவை வரவேற்கும் படம். துணைவேந்தரும் அவளும். அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். விரல்களில் கறை இல்லை. பத்தும் பளிச்சென்று, வேறு யாருடைய விரல்களோ மாதிரி இருந்தன. கீழே 'ஆய்வக உதவியாளர்' என்ற இடத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, 'விழாவுக்கு வந்திருந்த பார்வையாளர்' என்று அச்சடித்திருந்தார்கள்.

வாட்ச்மேன் எழுந்து வந்தார். இன்றைக்கு அவருக்குக் கேலி வரவில்லை. வீங்கின காலையும் வயிற்றையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சார் சொன்னாரு தங்கச்சி. எழுத வேணாமாம். உன்னை அப்படியே உள்ள விடச் சொன்னாரு."

"நோட்டைக் குடுங்கண்ணே."

"எதுக்கும்மா வம்பு? நீ போ."

"பார்வையாளர்னுதானே ஒட்டியிருக்காங்க? பார்வையாளர் நோட்டுல எழுதாம உள்ள போகலாமா?"

அவர் தயங்கித் தயங்கி நோட்டைக் கொண்டுவந்தார். நூலில் கட்டிய பேனா. அவள் படத்தின் நிழலில், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, நின்றபடியே எழுதினாள். பெயர். நேரம். யாரைப் பார்க்க: துறைத் தலைவர். யார் அழைத்தது: துறைத் தலைவர். வந்த காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா எழுதவில்லை. நுனியை உள்ளங்கையில் இரண்டு முறை கிறுக்கிப் பார்த்துவிட்டு, கட்டம் கொள்ளாத அளவுக்குப் பெரிய எழுத்தில் 'வேலை' என்று எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வாட்ச்மேன் நோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்தைப் பார்த்து நடந்தாள்.