புளி மூட்டையும் பெட்ரோல் கணக்கும்

விமானம் ஓட்ட உரிமம் வாங்கியதும், அப்பா ராஜப்பனை மதுரையிலிருக்கும் அத்தை வீட்டுக்குப் பறந்தே கூட்டிப் போவதாகத் தேவிப்பிரியா வாக்குக் கொடுத்துவிட்டாள். பாப்பிரெட்டிப்பட்டி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அந்தச் சின்ன விமானத்துக்கு ஊற்றும் பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோகூட வராது, எழுநூற்றிருபது கிராம்தான். ஆனாலும் ஆளும் பெட்ரோலும் சேர்ந்து எடை வரம்பைத் தாண்டக் கூடாது.

"உங்க எடை எவ்ளோங்கப்பா?"

"எழுவதுன்னு போட்டுக்க கண்ணு."

அவள் நம்பவில்லை. தெருமுனைப் புளி மண்டிக்குக் கூட்டிப் போய்த் தராசில் ஏற்றினாள். எண்பத்திரண்டு. கூடின பன்னிரண்டு கிலோவுக்காகப் பெட்ரோலில் பதினேழு லிட்டரைக் குறைத்தாள். கணக்கு வரம்பைத் தொட்டு நின்றது.

"இதுக்கு மேல ஒரு கிலோகூடக் கூடாதுங்கப்பா."

ராஜப்பன் ரொம்பப் பொறுப்பாகத் தலையாட்டினார்.

மறுநாள் ஓடுதளத்துக்கு முகம் வாடி வந்து சேர்ந்தார். தோளில் ஒரு மூட்டை.

"என்னங்கப்பா இது?"

"புளி. பதினஞ்சு கிலோ. தங்கச்சி வூட்டுக்கு வெறுங்கைய வீசிட்டா போறது?"

அவள் மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். இருபத்தொரு லிட்டர். அதையும் குறைத்தால் விமானம் மதுரை போகாது. வழியில் யார் காட்டிலாவது புளியோடு இறங்க வேண்டியதுதான்.

"ஒரு கிலோகூடக் கூடாதுன்னு நேத்தே சொன்னேன்ல?"

"அதுக்குத்தான நேத்து மத்தியானத்துலேர்ந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல," என்றார் ராஜப்பன். "மூணு வேளைச் சோத்தக் கழிச்சுப் பாரு. சரியா வரும்."