மூன்று தீக்குச்சிகள்

நில அளவையாளரான அவளுக்கு அன்று டிரைவராக வந்தவன் அவளுடைய கொழுந்தன்தான். டவுன் பஸ் ஓட்டுகிறவன். வழக்கமான டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட, "லீவுதானே அண்ணி, நான் வர்றேன்" என்று தானாகவே கிளம்பி வந்தான். காட்டோரத்தில் இரண்டு எல்லைக்கற்களைச் சரிபார்த்துத் திரும்பும்போது மழையில் ஊறிய பாதை சரிந்தது. ஜீப் உருண்டு ஓடைக்குள் விழுந்தது.

அவளுக்கு முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. அவன் கால் பெடலுக்கடியில் மாட்டிக்கொண்டது. பனிக்கட்டியாய்க் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தவனை எப்படிக் கரைக்கு இழுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. அவன் கணுக்கால் வீங்கிவிட்டது, எழுந்து நிற்க முடியவில்லை. இருவர் கைப்பேசியிலும் தண்ணீர் புகுந்துவிட்டது. தார்ச்சாலைக்குப் பதினோரு கிலோமீட்டர். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

ஒரு பாறைக்கடியில் அவனைச் சாய்த்தாள். ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தன் மழைக்கோட்டைச் சுற்றினாள். அவனுக்குப் பல் தந்தியடித்தது.

"அண்ணி, பேண்ட் பாக்கெட்ல லைட்டர் இருக்கு. சட்டைப் பையில சிகரெட்டும் இருக்கு. அண்ணன்கிட்ட மட்டும் போட்டுக் குடுத்துடாதீங்க."

"நீ மொதல்ல உசிரோட வீடு வந்து சேரு. அப்புறம் நானே உன்னை உதைக்கிறேன்."

லைட்டரில் ஒரு பொறிகூட எழவில்லை. ஜீப்பிலிருந்து அவள் மீட்ட பையில் டார்ச், முதலுதவிப் பெட்டி, டீ போட வைத்திருந்த தீப்பெட்டி. அதில் மூன்றே குச்சிகள். அவசர அவசரமாகச் சருகைக் குவித்து முதல் குச்சியை உரசினாள். சுடர் எழுந்தது, ஈரச் சருகு புகைந்தது, அணைந்தது. இரண்டாவதன் மருந்து உரசும்போதே பிசுபிசுத்து உதிர்ந்தது. மூன்றாவதை எடுத்தாள். அப்படியே பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டாள்.

காய்ந்த பொருள் இல்லாமல் எந்த நெருப்பும் நிற்காது. அதற்கு மேட்டில் ஏறித் தேட வேண்டும். இவனைத் தனியே விட வேண்டும்.

"தூங்கிடாதே. உன் பஸ் நிக்கிற ஸ்டாப்பையெல்லாம் எனக்குக் கேக்கற மாதிரி சத்தமா சொல்லிட்டே இரு."

"மார்க்கெட்... தபாலாபீஸ்... பெரியாஸ்பத்திரி..."

அவள் ஏறினாள். தரையில் கிடந்ததெல்லாம் ஈரம். நின்றபடியே பட்டுப்போன மரம் ஒன்றில் சுள்ளிகள் சடக்கென்று ஒடிந்தன. அந்தச் சத்தம் காதில் தேனாய்ப் பாய்ந்தது. மடியில் சேர்த்தாள். கீழே குரல் குழறியது. தபாலாபீஸே மூன்று தடவை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

"டேய்!"

ஓடைச் சத்தம் மட்டும்.

கீழே அவனிடம் ஓடிவிடலாம் என்று கால் திரும்பிவிட்டது. வெறுங்கையோடு ஓடி என்ன செய்வது? கட்டிப்பிடித்துக்கொண்டு சாகவிடுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு மடி நிறையும்வரை ஒடித்தாள். அவ்வளவு நேரமும் அவள் கீழே பார்க்கவே இல்லை.

இறங்கி வந்தபோது அவன் நடுக்கம் நின்றிருந்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சு இருந்தது.

மிஞ்சிய குச்சியும் ஈரம். அதை நம்பினால் ஒரே ஒரு தடவைதான். அலுவலக எலெக்ட்ரீஷியன் ஒருநாள் விளையாட்டாகக் காட்டிய வித்தை நினைவுக்கு வந்தது: வெள்ளித்தாளை நடுவில் மெலிதாகக் கத்தரித்து, இரு முனையையும் டார்ச் செல்லின் இரு பக்கமும் வைத்து அழுத்தினால் அந்த மெலிந்த இடம் பற்றிக்கொள்ளும். தவறினால் திரும்பச் செய்யலாம். ஆனால் செல் தீர்ந்தால் டார்ச்சும் போச்சு, இருட்டில் குருடுதான். டார்ச்சைப் பிரித்துச் செல் ஒன்றை வெளியே எடுத்தாள்.

பிரிக்காத சிகரெட் பாக்கெட்டுக்குள் வெள்ளித்தாள் காய்ந்தே இருந்தது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் அப்படியே. முதல் துண்டு நடுவில் அறுந்தது. இரண்டாவது சூடேறி விரலைச் சுட்டது, பற்றவில்லை. மூன்றாவதை நூல் கனத்துக்குக் கத்தரித்து, பஞ்சை அதன்மேல் உதிர்த்துவிட்டு அழுத்தினாள். சட்டென்று ஒரு மஞ்சள் நாக்கு. பஞ்சு பிடித்தது. உள்ளங்கையால் காற்றை மறைத்து, ஊசி மாதிரிச் சுள்ளிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். ஒன்று கூடினாலும் அணைந்துவிடுமோ என்று மூச்சே விடவில்லை.

நெருப்பு முழங்கால் உயரம் எழுந்து வெகுநேரம் கழித்து அவன் மறுபடி உதறத் தொடங்கினான். ஐயோ, ஜன்னியோ என்று முதலில் பதறினாள். விறைத்த உடம்பு மறுபடி சூடேறத் தொடங்கினால்தான் நடுக்கம் திரும்பும் என்று முதலுதவிப் பயிற்சியில் சொன்னது மெல்ல நினைவுக்கு வந்தது. அப்போதுதான் அழுதாள்.

விடிந்ததும் புகையைப் பார்த்து வனக்காவலர்கள் வந்தார்கள். அவன் மூன்று வாரம் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க அண்ணி என் பக்கத்தை விட்டு அந்தாண்ட இந்தாண்ட நகரலையே" என்று பெருமையடித்தான்.

அவள் மறுக்கவில்லை. அவன் குரல் நின்ற பிறகும் தான் திரும்பாமல் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்ததை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.