ஆறாவது ரப்பர் இதழ்

2019 மார்ச் 17. எங்கள் தீவு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் இன்று காலை ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. நோயாளிப் படகின் எந்திரம் பழுதானதற்கு அதைப் பராமரிப்பவரின் கவனக்குறைவே காரணம் என்கிறது அந்தத் தாள். அது பொய். பராமரிப்பவர் ரம்ஸியா. வியாழக்கிழமை அவர் செய்ததை அருகில் நின்று பார்த்தவன் நான், ஆகவே எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய நாள் எங்கள் தீவுக்கூட்டத்தின் தலைநகர்த் தீவிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். படகு மணல்மேல் ஏற்றப்பட்டிருந்தது. பழைய எந்திரத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று காட்டுவதற்காக, தீவு அலுவலகத்தின் மன்ற உறுப்பினர் ஷகீப் கயிற்றை இழுத்துக் கரையிலேயே அதை ஓடவிட்டார். அதிகாரி கைதட்டினார், இன்னும் கொஞ்சம் ஓடியது. எந்திரத்தின் காலுக்குள், அதாவது தண்ணீரில் மூழ்கும் கீழ்ப்பகுதிக்குள், கடல்நீரை மேலே ஏற்றிச் சூட்டைத் தணிக்கும் சிறிய பம்பு இருக்கிறது. அதனுள் ஆறு இதழ்கள் கொண்ட ரப்பர் சக்கரம். தண்ணீரில்லாமல் சுழன்றால் அது கருகிவிடும். இங்கே கரையில் மீன் நறுக்குபவர்களுக்கும் தெரிந்த செய்தி இது.

மறுநாள் காலை எங்கள் தீவைச் சேர்ந்த சகீனாவுக்கு வயிற்றின் வலப்பக்கத்தில் வலி கண்டது. குடல்வாலாக இருக்கும், பதினொரு மணிக்குள் தலைநகர்த் தீவின் மருத்துவமனைக்குப் போகாவிட்டால் காரியம் கைமீறிவிடும் என்றார் செவிலியர். ஒரு மணி நேரக் கடல். பெரிய படகுகள் எல்லாம் சூரைமீனைத் தேடித் தெற்கே போயிருந்தன. அரசின் விரைவுப்படகு தொலைவில், நாட்டின் தலைநகரான மாலேயில் இருந்தது. நோயாளிப் படகைத் தண்ணீரில் தள்ளிக் கயிற்றை இழுத்தார் ரம்ஸியா. எந்திரத்தின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்ச வேண்டிய நீர்க்கோடு வரவில்லை. உடனே நிறுத்தினார்.

ஒன்பது மணி. எந்திரத்தின் கால்பகுதியைக் கழற்றிக் கவிழ்த்து, பம்பின் மூடியைத் திறந்தார். சக்கரத்தில் ஓர் இதழும் மிஞ்சவில்லை. பிய்ந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். புதிய சக்கரம் அவர் மடியிலேயே இருந்தது. ஆனால் அதைத் தொடவில்லை.

"அஞ்சுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"அக்கா, அவ அங்க துடிக்கிறா. நீ இங்க ரப்பர எண்ணிக்கிட்டு இருக்க!" என்றார் சகீனாவின் கணவர் இத்ரீஸ்.

"நடுக்கடல்ல நின்னா அங்க யாரு எண்ணுவா, இத்ரீஸ்? அது குழாயில ஏறியிருந்தா புதுச போட்டும் தண்ணி வராது."

"ஒரு துண்டு ரப்பர்தானே, கடல்ல விழுந்திருக்கும்" என்றார் ஷகீப்.

"விழுந்தத நீங்க பாத்தீங்களா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

மீன் நறுக்கிக்கொண்டிருந்த கதீஜா தலை நிமிராமலே சொன்னார்: "ஷகீப்பு, நீ ஊதிப் பாரேன். உங்கிட்டதான் நெறைய காத்து இருக்கே!"

எவரும் சிரிக்கவில்லை. ரம்ஸியாவே குழாயில் வாய் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. தென்னை ஈர்க்கு ஒன்றை உருவி, நுனியைக் கடித்துக் கொக்கியாக்கி, குழாய்க்குள் விட்டார். இத்ரீஸ் மணலில் குந்திக் கண்களை மூடிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்; பார்த்திருக்க வேண்டாம். ஏழு முறை ஈர்க்கு வெறுமையாக வந்தது. எட்டாம் முறை, நகத்தளவு கறுப்புத் துண்டு ஒன்று அதன் நுனியில் தொங்கியது. அதையும் தட்டில் வைத்து, ஆறையும் மறுபடி எண்ணினார். அதன்பிறகே புதிய சக்கரத்தை எடுத்தார். சக்கரம் மாட்டும் தண்டை வலப்பக்கம் திருகிக்கொண்டே அழுத்த, இதழ்கள் ஆறும் ஒரே பக்கமாக வளைந்து பம்பின் கிண்ணத்துக்குள் இறங்கின. அத்தனை அவசரத்திலும் அந்த விரல்கள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. என் வாழ்நாளில் அத்தகைய பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மூடியைப் பூட்டி, கால்பகுதியை மறுபடி எந்திரத்தில் மாட்டி, இடுப்பளவு நீரில் நின்று கயிற்றை இழுத்தார். எந்திரம் உறுமியது. நீர் வரவில்லை. பத்து எண்ணும் நேரம். பிறகு மெல்லிய கோடாகப் பீய்ச்சியது. அவர் முகம் மலரவில்லை. அந்த நீர் சுடுகிறதா என்று விரல்களை வைத்துக் காத்திருந்தார்.

"ஏத்துங்க."

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் தலைநகர்த் தீவின் கரை சேர்ந்தார்கள். வழியெல்லாம் ரம்ஸியா ஒரு கையால் படகைச் செலுத்தி, மறு கையை அடிக்கடி அந்த நீர்க்கோட்டில் நீட்டிக்கொண்டே வந்தார் என்று இத்ரீஸ் தொலைபேசியில் சொன்னார். அவர் பேசியபோது சகீனாவை அறுவை அறைக்குள் கொண்டுபோயிருந்தார்கள். கதவு அதுவரை திறக்கவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் என்றேனும் அந்தப் படகில் ஏறினால், முதலில் கையை நீட்டி அந்த நீரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இறங்கிவிடுங்கள். சுடாவிட்டால், ரம்ஸியா என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.