பிரேக்கை மிதிங்க, மாப்பிள்ளை!

லாரி நின்ற பிறகுதான் அது வந்ததே மாப்பிள்ளைக்குத் தெரிந்தது.

பாலத்தின் நடுப்பகுதி. மழை. முன்னால் போன வண்டி சட்டென்று நிற்க, அவரும் காரின் பிரேக்கை அழுத்தினார். மறுநொடி டயர்கள் அலறின. பின்கண்ணாடி முழுக்க லாரியின் முகம். இரண்டுக்கும் நடுவே ஒரு குடை விரிக்க இடமில்லை.

லாரிக்காரர் நனைந்தபடி இறங்கி வந்தார். அர்ச்சனை நிச்சயம் என்று நினைத்து மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கினார்.

"சார், நீங்க பிரேக் போட்டதே எனக்குத் தெரியல. பின்னாடி ஒரே கும்மிருட்டு. வலது பக்கம் மட்டும் ஏதோ ரெண்டு புள்ளி மினுக்குச்சு. அத நம்பித்தான் மிதிச்சேன்."

"சாரிங்க... நான் கவனிக்கவே..."

"அத அப்புறம் சொல்லுங்க. மெதுவாப் போங்க, நான் ஒட்டின மாதிரியே பின்னாடி வரேன். என்னைய இடிக்காம உங்கள எவனும் இடிக்க முடியாது."

சொன்னபடியே வந்தார். பாலம் முடிந்ததும் ஒரு ஹார்ன் அடித்து, வேறு பாதையில் திரும்பிவிட்டார். மாப்பிள்ளைக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

வீட்டுக்கு வந்து இன்ஜினை நிறுத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். இன்றைய பயத்தைவிட நாளைய பயம் பெரிது. குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து தேறிய மகனை நாளை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதே பாலம். பருவமழை. டாக்ஸிக்காரர்கள் ஸ்ட்ரைக். பின்சீட்டில் மனைவி, மாமியார், ஒரு கைப்பிடி அளவுக் குழந்தை.

காலையில் கார் உதிரிபாகக் கடைக்குப் போன் செய்து பிரேக் விளக்கு கேட்டார். "முழு விளக்காத்தான் வாங்கணும் சார். ஆர்டர் போட்டா அடுத்த வாரம் வரும்."

அடுத்த வாரம்! மாப்பிள்ளை ஸ்பேனரை எடுத்தார்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சின்ன ஸ்க்ரூ, சின்ன இடுக்கி, கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி எல்லாம் பிழைப்போடு வந்தவை. பற்றவைக்கும் சால்டரிங் கம்பியும் வீட்டில் உண்டு. ரேடியோ பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் பழைய பைத்தியம். டிக்கிக்குள் கைவிட்டு நட்டுகளைக் கழற்றி, இரண்டு விளக்குகளையும் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தார். சிவப்பு மூடி கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. மூக்குக்கண்ணாடி பிரேமை இளக்கும் வெப்பக்காற்று மெஷினைக் கடையிலிருந்து கொண்டுவந்து காட்டியதும் பசை இளகியது, மூடி பிரிந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருந்தது.

சர்க்யூட் பலகையில் வரிசை வரிசையாகக் குட்டி எல்.இ.டி.க்கள். மூன்று மூன்று பேராகக் கைகோத்து நிற்பவை. ஒருவர் செத்தால் மூவரும் அணைந்துவிடுவார்கள். அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மின்சாரம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு விளக்கின் தலைக்கும் காலுக்கும் நடுவே ஒரு துண்டு ஒயரை வைத்துத் தொட வேண்டும். எதைத் தொடும்போது மற்ற இரண்டும் விழிக்கின்றனவோ, அதுதான் பிணம்.

மின்சாரத்துக்கு எங்கே போவது? வைஃபை பெட்டியின் அடாப்டர் கண்ணில் பட்டது. பிடுங்கினார்.

ஹாலில் ஓடிக்கொண்டிருந்த சீரியல் பாதி அழுகையில் நின்றது.

சற்று நேரத்தில் அவருடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி.

"ஏங்க, நெட்ட ஏன் புடுங்கினீங்கன்னு அம்மா கேக்குறாங்க."

"விளக்கு வேலைக்கு அடாப்டர் வேணும்னு சொல்லு."

ஹாலில் போன் அடித்தது. "சரியாம்" என்று மனைவி திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். "டீ போட்டு ஜன்னல்கிட்ட வெச்சிருக்காங்களாம். ஆறுதாம்."

இதுதான் அந்த வீட்டு நடைமுறை. மாமியார் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஊர் முழுக்க யாரையும் யாரோடும் கோத்துவிட்டவர். ஆனால் சொந்த மருமகனோடு நேர்லைன் கிடையாது. சண்டையா? அதெல்லாம் இல்லை. கல்யாணமான புதிதில் அவருக்குக் கூச்சம், இவருக்குப் பயம். நடுவில் மகள் தூது போக, அப்படியே பழகிப்போனது. மகள் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் மாறவில்லை. ஹாலிலிருந்து அடுத்த அறைக்குப் போக வேண்டிய பேச்சு, பாலம் தாண்டி ஆஸ்பத்திரி வரை போய்விட்டு வரும்.

பிணங்களை எடுத்துவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிவந்த புது எல்.இ.டி.க்களை மாப்பிள்ளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு உண்டு. அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கமே பார்க்க வேண்டும். மாறினால் எரியாது. ஒவ்வொன்றையும் வைத்தவுடன் அடாப்டரில் சோதித்துக்கொண்டே வந்தார். இடது பலகை முடிந்தது. வலதில் கடைசி ஒன்று பாக்கி. ஜன்னல் வெளிச்சத்துக்காகப் பலகையைத் திருப்பிவைத்தபோது போன் அடித்தது.

"ஏங்க! டாக்டர் கையெழுத்து போட்டுட்டார்! சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போகலாமாம்!"

ஹாலிலிருந்து "அப்பாடா!" என்று ஒரு குரல். செய்தி அங்கேயும் போய்விட்டது. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி விளக்கைப் பற்றவைத்தார். சோதிக்க மறந்துபோனார்.

மூடியை ஒட்டுமுன் காரில் மாட்டிப் பார்க்க வேண்டும். மாட்டினார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார்.

அப்போதுதான் உறைத்தது. மிதிப்பவனுக்கு விளக்கு தெரியாது. விளக்கு தெரிகிறவன் மிதிக்க முடியாது.

மாமியார் வாசற்படியில் நின்றிருந்தார். மாப்பிள்ளை மனைவிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். நர்ஸ் குழந்தையைக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். வாசலில் மாமியாரும் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். அவருக்கும் அதே மணிச்சத்தம்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மாமியார் போனை இடுப்பில் செருகினார். விறுவிறுவென்று காருக்குப் பின்னால் போய் நின்றார். பிறகு, தெருமுனை வரை கேட்கும் அந்தப் பழைய எக்சேஞ்ச் குரல் எழும்பியது:

"பிரேக்கை மிதிங்க, மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை மிதித்தார்.

"இடது பக்கம் ஜோர்! வலது பக்கம் மூணு பல்லு இல்ல!"

"எங்க அத்தை?" என்று அவர் கத்தினார். கத்திய பிறகுதான் தானும் நேர்லைனில் பேசிவிட்டது தெரிந்தது.

"கீழ் வரிசை, ஓரம்!"

இறங்கி ஓடிவந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டினார். எல்லா வெட்டுகளும் ஒரே பக்கம். கடைசி ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம்.

"திருப்பிப் போட்டுட்டேன் அத்தை. பலகையத் திருப்பினவன், விளக்கத் திருப்பல."

"சந்தோஷத்துல நானும் டீயில உப்பப் போட்டேன். குடிச்சிட்டீங்களா?"

"குடிச்சிட்டேன்."

"ஒண்ணுமே சொல்லலையே?"

"யார்கிட்ட சொல்றது? உங்க பொண்ணு லைன் பிஸி."

மாமியார் சிரித்தார். பலகையை மறுபடி மேஜைக்குக் கொண்டுபோனார்கள். அவர் அதைப் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை விளக்கைக் கழற்றித் திருப்பிப் பற்றவைத்தார். மேஜையில் மூன்றும் எரிந்தன.

"நல்லவேளை, இப்பவாவது பார்த்தீங்களே" என்றார் மாமியார். "அவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கே நான் சொல்லிவிட்டேன்."

மாப்பிள்ளையின் கை நின்றது. "என்ன சொல்லிவிட்டீங்க?"

"வாசல்ல நின்னு பார்த்தேன். வண்டி திரும்புறப்ப இடது பக்கம் எரியல. மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுன்னு போன்ல சொன்னேன்."

"யார்கிட்ட?"

"அவகிட்டதான்."

பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தவளிடம்! அந்தச் செய்தி அங்கேயே விழுந்துவிட்டது. அத்தனை நாளும் அந்தப் பாலத்தில் அவர் இருட்டாகப் போய்வந்திருக்கிறார். முதலில் ஒரு பக்கம், பிறகு இரு பக்கமும்.

லாரி விஷயத்தை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னார். மாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு வார்த்தை" என்றார் மெல்ல. "'விளக்கு எரியல.' முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே. ஊருக்கெல்லாம் கனெக்‌ஷன் கொடுத்த வாயி..."

"என்கிட்டயும் வாய் இருந்துச்சே அத்தை. போதும், விடுங்க. நீங்க கவனிச்சீங்களே, அதுவே எனக்குப் பெருசு. என் வண்டி போறத இவ்வளவு கூர்ந்து பார்க்க ஒரு ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியாது."

மாமியார் மூடியைத் துடைத்து நீட்டினார். புதுப் பசை தடவி மூடியைப் பொருத்தினார்கள். பசை பிடிக்கும்வரை அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்த லாரிக்காரன் பேரு என்ன?"

"தெரியாது அத்தை."

"யாரு பெத்த புள்ளையோ. நல்லா இருக்கட்டும்."

சாயங்காலம். பாலம். மழை சொல்லிவைத்த மாதிரி வந்தது. பின்சீட்டில் மனைவி, அவள் மடியில் துணிச்சுருளுக்குள் ஒரு சின்ன மூக்கு. பக்கத்தில் மாமியார், முன்னால் பார்க்காமல் பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு.

முன்னே போன வண்டிகள் நின்றன. மாப்பிள்ளை மிதித்தார்.

பின்னால் ஈரச் சாலை முழுக்கச் சிவப்பு படர்ந்தது. தூரத்தில் வந்த லாரி ஒன்று, தூரத்திலேயே, நிதானமாக வேகம் குறைந்து நின்றது. நடுவே இன்னொரு காரே நிற்கலாம்.

"எரியுது, மாப்பிள்ளை! பல்லெல்லாம் இருக்கு!"

மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். "அம்மா! யார்கிட்ட பேசுற?"

"உன் புருஷன்கிட்டதான்."

"நேராவா? அப்ப எனக்கு வேலை போச்சா?"

"போச்சு. உனக்குப் புது வேலை மடியில கிடக்கு பாரு."

மாப்பிள்ளை சிரித்தபடி கண்ணாடியை இறக்கினார். அது அந்த லாரி இல்லை. வேறு ஏதோ லாரி. இருந்தாலும் மழையில் கையை வெளியே நீட்டி, பின்னால் நின்றவருக்கு ஒரு வணக்கம் வைத்தார். அந்த லாரிக்காரருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் ஒரு ஹார்ன் அடித்தார்.

குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

"மெதுவாப் போங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். "பின்னாடி நான் பார்த்துக்குறேன்."