முகத்தைக் காட்டுங்கள்

"சாப்பிடும்போதாவது அந்தப் போனைக் கீழ வைக்கக் கூடாதா?" என்றாள் ராய்ஹான்.

ஒரின்பெக் வைக்கவில்லை. கிண்ணத்தில் நூடுல்ஸ் ஊறி உப்பிக்கொண்டிருந்தது. அவன் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்து நடைவழி, சுவரில் விலங்குகளின் படங்கள். "நான் பார்வையாளர், ஓட்டு எண்றப்ப உள்ள இருக்க எனக்கு உரிமை இருக்கு" என்று ஓர் இளம்பெண்ணின் குரல். கதவுக்கு முன்னால் ஒரு நடுவயதுப் பெண். பிறகு அவள் கை நீண்டு வந்து கேமராவை மூடுகிறது. மூடுவதற்கு முன் முகம் நன்றாகத் தெரிகிறது. அவள் போட்டிருந்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போன வருஷம் சந்தையில் பேரம் பேசி வாங்கி வந்தவனே ஒரின்பெக்தான்.

வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "இந்தத் திருடி யாரு? தெரிஞ்சவங்க பேரைப் போடுங்க."

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். "இது நீதானே?"

ராய்ஹான் ரொட்டியைப் பிய்த்தாள். "காலையிலயே பாத்துட்டேன். டீச்சருங்க ரூம்ல எல்லாரும் பாத்தாச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எலெக்ஷன் வேலை எப்படிப் போச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே."

அது உண்மை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரின்பெக் சோபாவில் படுத்தபடி தேர்தலைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தான். தேர்தல் வேலையிலிருந்து வீடு திரும்பிய மனைவியிடம் கேட்டது, டீ இருக்கிறதா என்பது மட்டும்.

அவன் ரயில் பட்டறையில் எலெக்ட்ரீஷியன். முன்பெல்லாம் அரசியல் பேசுகிறவர்களைக் கண்டால் விலகிப் போகிற ஆள். இரண்டு குளிர்காலங்களுக்கு முன், வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்பும் ஊரின் கொதிகலன் வெடித்தது. வீடுகளில் சூடு நின்றது. தொட்டித் தண்ணீர் உறைந்தது. அவன் புகார் மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினான். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "பதிவு செய்யப்பட்டது." அதே வாரம் டிவியில் ஓர் அதிகாரி, ஊரில் வெப்பம் வழக்கம்போல் இருக்கிறது என்று கோட்டுகூட இல்லாமல் வெறும் சட்டையோடு உட்கார்ந்து சொன்னார். மேல்கோட்டும் தொப்பியுமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரின்பெக், அன்றுதான் 'ஊர்க்குரல்' என்ற டெலிகிராம் குழுவில் சேர்ந்தான்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சொந்தப் பெயரில் எழுதினால் வேலை போகும், வீட்டுக்குப் போலீஸ் வரும். அவன் 'துல்பார்' ஆனான். கதைகளில் வரும் சிறகுள்ள குதிரை அது. எழுதியதால் வீட்டில் சூடு வந்துவிடவில்லை. ஆனால் தான் ஒருவன் மட்டும் தனியாக நடுங்கவில்லை என்று தெரிந்தது. பட்டறையில் மேஸ்திரி திட்டினால் தலையைக் குனிகிறவனுக்கு, அங்கே நாலு வரி எழுதினால் நூறு பேர் கைதட்டினார்கள். நாளாக ஆக நல்ல வரிகளைவிடக் காரமான வரிகளுக்குத்தான் கைதட்டல் அதிகம் என்பதும் அவனுக்குப் பழகிப்போனது. குழுவை நடத்துகிறவர்களில் ஒருவனாக அவனையும் சேர்த்துக்கொண்டார்கள்.

தேர்தலுக்கு முன் அவன் எழுதிய ஒன்றைக் குழுவின் உச்சியிலேயே ஒட்டிவைத்திருந்தார்கள்.

வாசல் கதவு தடாலென்று சாத்தப்பட்டது. மகள் ஜன்சாயா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். பள்ளியில் கடைசி வருஷம். கண்கள் வீங்கியிருந்தன.

"அம்மா, உன் மூஞ்சிய ஸ்டிக்கரா போட்டுட்டாங்க. என் கிளாஸ் குரூப்லயே அனுப்புறானுங்க."

"விடுடி. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"மறக்க மாட்டாங்க! துல்பார்னு ஒருத்தன் இதுக்குன்னே எழுதி வெச்சிருக்கான். கேளு." அவள் போனைப் பார்த்துப் படித்தாள். "'ஓட்டைத் திருடுறது மந்திரி இல்ல, பக்கத்து வீட்டு டீச்சர். இவங்க திங்கிறதுல உப்பு இருக்கா இல்லையா? இவங்க முகத்தைக் காட்டுங்க. இவங்க பெத்த பிள்ளைங்க அதைப் பாத்து வெக்கப்படட்டும்.' யாரும்மா இவன்? நான் என்ன பண்ணேன் இவனுக்கு?"

ராய்ஹான் கையிலிருந்த டீப்பாத்திரத்தை மெதுவாக மேஜையில் வைத்தாள். திங்கிறதுல உப்பு இருக்கா இல்லையா. தினமும் செய்தி நேரத்தில் டிவியைப் பார்த்து அவள் புருஷன் கேட்கிற கேள்வி அது. அவள் அவனைப் பார்த்தாள். ஜன்சாயா அம்மாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். ஒரின்பெக் ஆறிப்போன நூடுல்ஸைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

மகள் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"உன்னை நெனச்சு எழுதல," என்றான் ஒரின்பெக்.

"பின்ன யாரை நெனச்சு எழுதினீங்க? அவளுக்கும் வீட்டுல ஒரு புருஷன் இருந்திருப்பான்ல?"

"அதை விடு. நீ எதுக்குக் கையை வெச்ச?"

"வேணும்னா போனேன்? ஷோல்பான் மேடம் கூப்பிட்டு, 'எலெக்ஷன் வேலைக்கு உன் பேரைக் குடுத்துட்டேன்'னாங்க. மாட்டேன்னா அடுத்த வருஷம் வகுப்பைக் குறைப்பாங்க, பொண்ணு பரிட்சையில கை வைப்பாங்க. எந்தப் பள்ளிக்கூடத்துல யாரு மாட்டேன்னு சொல்லியிருக்கா? அன்னிக்கு நகர நிர்வாக அலுவலகத்து ஆளு ஒருத்தன் நடையில நின்னு, 'அந்தப் போனை மூடு'ன்னான். யாரும் நகரல. மேடம் என்னைப் பாத்தாங்க. நான் போய் மூடினேன்." அவள் குரல் தாழ்ந்தது. "பயந்துபோய் மூடினேன். செஞ்சது சரின்னு சொல்லல. அந்தப் பொண்ணு யாரு தெரியுமா? மெருயெர்த். ஆறு வருஷம் எங்கிட்ட பயாலஜி படிச்சவ. மூடும்போதுகூட 'டீச்சர், நீங்களா'ன்னுதான் கேட்டா."

ஒரின்பெக் குழுவில் எழுதினான்: "அந்த டீச்சரை விடுங்க. உத்தரவு போட்டவன் யாருன்னு கேப்போம்." பதில்கள் கொட்டின. "என்ன துல்பார், விலை போயிட்டியா?" "எவ்வளவு குடுத்தாங்க?" "குதிரைக்குக் கொள்ளு வெச்சுட்டாங்கடோய்!" நேற்றுவரை அவனுக்குக் கைதட்டியவர்கள்தான். தான்கூட இதே கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். 'அவ என் பொண்டாட்டி' என்று அடித்தான். அழித்தான். யாரோ அவர்கள் வீட்டு முகவரியைப் போட்டுவிட்டதை அதற்குப் பிறகுதான் பார்த்தான்.

காலையில் மாடிப்படிச் சுவரில் கறுப்புப் பெயின்டில் 'திருடி' என்று எழுதியிருந்தது. அவன் மண்ணெண்ணெயும் துணியுமாகத் தேய்த்தான். எதிர்வீட்டு சாபித் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"எழுதினதுல என்ன தப்பு ஒரின்பெக்? நாட்டையே வித்துட்டாங்களே இந்தப் பொம்பளைங்க."

"நீ ஓட்டுப் போட்டியா?"

"நானா? நான் எதுக்குப் போடணும்? எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணதுதானே" என்று சொல்லிவிட்டு சாபித் கதவைச் சாத்திக்கொண்டான். துணி கறுத்ததே தவிர எழுத்து போகவில்லை.

அன்று சாயங்காலம் தலைமையாசிரியை ஷோல்பான் தேன் கேக்கோடு வந்தாள். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். களைத்துப்போன முகம்.

"ராய்ஹான்மா, வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போகணும். அந்தப் பொண்ணு மெருயெர்த் மேல கேஸ் போட்டிருக்காங்க. தேர்தல் வேலையில இருந்தவங்களைத் தள்ளிவிட்டான்னு. தள்ளினது உன்னைத்தான்னு நீ சொன்னாப் போதும்."

"அவ என்னைத் தொடவே இல்லையே மேடம்."

"எனக்குத் தெரியாதா? மேலேருந்து சொல்றாங்க. சொல்லிட்டா உனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வரும். 'நேர்மையான பணிக்காக'ன்னு."

"அவளுக்கு?"

ஷோல்பான் கேக் டப்பாவின் நூலை அவிழ்த்தாள். "பதினஞ்சு நாள் உள்ள வெப்பாங்க. சின்னப் பொண்ணு, தாங்கிக்குவா. உன்னால தாங்க முடியுமா? யோசி. எனக்கும் ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு."

அவள் போன பின் கேக்கை யாரும் தொடவில்லை. ராய்ஹான் கேட்டாள்: "என்ன செய்யட்டும்?"

 ஊர்க்குரலில் இதே கேள்வி வந்திருந்தால் ஒரின்பெக் உடனே எழுதியிருப்பான்: உண்மையைச் சொல், பயப்படாதே, மக்கள் உன் பக்கம். இங்கே சமையலறையில் எதிரே மனைவி உட்கார்ந்திருந்தாள். உள்ளே மகள் பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "வேலை போயிடும்" என்றான். பிறகு, "ஆனா அந்தப் பொண்ணு…" என்றான். 

"சரி, எனக்குப் புரியுது" என்றாள் ராய்ஹான். என்ன புரிந்தது என்று அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனான். நீதிமன்ற அறையில் போனை அணைக்கச் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். மெருயெர்த் முன்னால் நின்றாள். ஒல்லியான பெண், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தாள். அவள் டீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தப் பெண் உங்களைத் தள்ளினாரா?" என்று நீதிபதி கேட்டாள்.

"இல்லைங்க. அவ என்னைத் தொடவே இல்ல. நான்தான் அவ போனை மூடினேன். வீடியோவுல தெரியுறது என் கை."

அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நகர நிர்வாக அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஆள் தொண்டையைச் செருமினான்.

"ஏன் மூடினீர்கள்?"

"மூடச் சொன்னாங்க. சொன்னவர் இதோ முன்வரிசையிலதான் உக்காந்திருக்கார். உள்ள ஓட்டை எண்ணவே இல்லைங்க. எண்ணிக்கை வெளியிலேருந்து வந்துச்சு. அதை இவ படம் எடுத்துடுவான்னு பயந்தாங்க."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்."

"அதைத்தான் சொல்றேன்."

அவள் குரல் நடுங்கியது. கால்களும் நடுங்கியது பின்னாலிருந்தே தெரிந்தது. ஒரின்பெக் இரண்டு வருஷமாக எத்தனையோ ஆயிரம் வரிகள் எழுதியிருக்கிறான்; ஒன்றைக்கூட அவன் நடுங்கிக்கொண்டு எழுதியதில்லை. அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு முகம் சுட்டது.

மெருயெர்த்தைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் வெறுங்கையோடு விடவும் மனம் வரவில்லை போலும். ஒழுங்கைக் குலைத்தாள் என்று அபராதம் போட்டார்கள். வெளியே படிக்கட்டில் அவள் நின்றாள். "டீச்சர்," என்றாள். ராய்ஹானின் கையைப் பிடித்துக்கொண்டாள். கேமராவை மூடிய அதே கை.

"தொப்பியைப் போட்டுக்கோடி. காது உறைஞ்சுடும்" என்றாள் ராய்ஹான்.

திங்கட்கிழமை ஷோல்பான் கூப்பிட்டனுப்பினாள். 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று எழுதித் தரச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். ராய்ஹான் எழுதிக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் வைத்திருந்த பூந்தொட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

இதற்குள் நீதிமன்றச் செய்தி குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் நம்பவில்லை. "நாடகம். மாட்டிக்கிட்டதும் நல்லவ வேஷம்." "அவங்களே ஏற்பாடு பண்ணதுதான். நம்மகிட்ட ஆள் நுழைக்கப் பாக்குறாங்க." ஒரின்பெக் படித்துக் காட்டவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு அந்தக் குரூப்ல சேரணும்" என்றாள். "ஜன்சாயா, கொஞ்சம் போட்டுக் குடு."

மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன பேரு வைக்கட்டும்மா?"

"என்னடி கேள்வி? என் பேரை வை. என் போட்டோவையும் போடு."

ராய்ஹான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு விரலால் நெடுநேரம் தட்டினாள். "நான் ராய்ஹான். பயாலஜி டீச்சரா இருந்தேன். அந்தக் கை என்னோடதுதான். என்னைத் திட்டினது நியாயம். அடுத்த தேர்தல்ல என் இடத்துல இன்னொரு டீச்சர் நிப்பா. அவளை இப்பவே போய்ப் பாருங்க. 'மாட்டேன்னு சொல்லு, நாங்க கூட நிக்கிறோம்'னு சொல்லுங்க. எங்கிட்ட யாரும் அப்படி வந்து சொல்லல." அனுப்பிவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்க எழுந்து போனாள்.

குழுவை நடத்துகிறவர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் தனிக் குழுவில், தலைவனான 'சாம்பல் ஓநாய்' உடனே எழுதினான்: "சொந்தப் பேரு, சொந்த போட்டோ. யாராவது இப்படி வருவாங்களா? கண்டிப்பா உளவாளி. தூக்கணும். எல்லாரும் ஓட்டுப் போடுங்க."

ஒரின்பெக் 'வேண்டாம்' என்று அழுத்தினான். இன்னும் இரண்டு பேர் 'வேண்டாம்' என்றார்கள். மற்றவர்கள் போடுவதற்குள் ராய்ஹானின் செய்தி மறைந்தது. அவள் பெயரும் குழுவிலிருந்து மறைந்தது.

"ஓட்டு என்னாச்சு?" என்று எழுதினான்.

"அவசரம் துல்பார். அதுக்கெல்லாம் நேரமில்ல. மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்."

"நான் துல்பார் இல்ல," என்று ஒரின்பெக் பெரிய குழுவிலேயே எழுதினான். "என் பேரு ஒரின்பெக். ரயில் பட்டறையில வேலை பாக்குறேன். ராய்ஹான் என் மனைவி." எழுதும்போது விரல்கள் நடுங்கின. அனுப்பினான். சில நொடிகளில் அவனும் வெளியே கிடந்தான்.

அவன் எழுந்து சமையலறைக்குப் போய் நடந்ததைச் சொன்னான். ஓட்டெடுப்பு வைத்ததையும், அது முடிவதற்குள் தூக்கிவிட்டதையும் சொன்னான். ராய்ஹான் பால் பாத்திரத்தை இறக்கிவைத்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கயும் எண்ணலையா?" என்றாள்.