திறந்து கிடந்த கதவுகள்

முதல் லாக்கின் கதவு திறந்து கிடந்தபோது, யாரோ மறந்துவிட்டார்கள் என்றுதான் க்வெண்டா நினைத்தாள். மூன்றாவதும் அப்படியே கிடந்ததும் அவள் கரையிலேயே நின்றுவிட்டாள்.

படிக்கட்டு போலக் குன்றிலிருந்து இறங்கும் கால்வாய் அது; ஒவ்வொரு படியும் இரு முனையிலும் கதவு வைத்த ஒரு தொட்டி, அதுதான் லாக். ஒவ்வொரு லாக்கிலும் படகை நிறுத்தி, மேல் கதவைச் சாத்தி, கீழ் மதகைத் திறந்தால் தண்ணீரோடு படகும் இறங்கும். போகிறவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான் கால்வாய் மரியாதை.

"எந்த மடப்பய இப்படிப் போட்டுட்டுப் போனான்?" பக்கத்துப் படகிலிருந்து நாரிஸ் கத்தினார். "காலையிலேர்ந்து எதிர்ல ஒரு படகுகூட வரலையே!"

"உனக்கு வேலை மிச்சம்தானே? வாயை மூடிக்கிட்டு ஓட்டுய்யா," என்றாள் கரையிலிருந்த அவர் மனைவி டிலிஸ்.

அப்படித் திறந்து வைக்கிறவர் ஒருவரைத்தான் க்வெண்டாவுக்குத் தெரியும். அவள் கணவர் ஹெட்லி. முன்னால் நடந்து போய் லாக்கை நிரப்பி, கதவைத் திறந்துவிட்டு, அதைத் தள்ளித் திறக்க உதவும் நீண்ட துலாக்கட்டையில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருப்பார். அவர் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

இப்போது அவள் படகின் சுக்கானைப் பிடித்திருப்பவர் கிளெமென்ட். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டிருந்தார். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா, க்வென்? நான் இந்தப் படகுக்கே வந்துடறேன். அடிவாரம் போறதுக்குள்ள சொல்லு. இல்லேன்னா அங்கேயே ரயில் ஏறிடறேன்."

அடிவாரத்துக்கு இன்னும் இரண்டே லாக். தூறல் பிடித்துக்கொண்டது.

இரண்டு படகுகளும் கடைசிக்கு முந்தின லாக்குக்குள் ஒட்டினாற்போல் நின்றன. பெண்கள் இருவரும் மேல் கதவைச் சாத்தி, ஆளுக்கொரு பக்கமாகக் கீழ் மதகுகளைத் திறந்தார்கள். மதகில் நிற்கிறவள் கண் படகின் பின்முனையில்தான் இருக்க வேண்டும். மேல் கதவடியில் ஒரு கல்படி உண்டு. பின்முனை அதில் உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் இறங்க இறங்க படகு தலைகுப்புறச் சாயும்.

க்வெண்டா கீழே கடைசி லாக்கைப் பார்த்தாள். அங்கேயும் கதவு திறந்திருந்தது. துலாக்கட்டையில் தொப்பி போட்ட ஒருவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கையை உயர்த்தினார். 'சீக்கிரம் வாயேன்' என்பது போல.

அவள் கையும் தானாக உயர்ந்தது.

"க்வெண்டா! பின்னாடி பாருடி!" டிலிஸ் அலறினாள்.

கீழ்க் கதவில் மோதிவிடுமோ என்று பயந்து கிளெமென்ட் படகைப் பின்னால் எடுத்திருந்தார். பின்முனை கல்லில் உட்கார்ந்து, மூக்கு சரிந்துகொண்டிருந்தது. உள்ளே தட்டுகள் உடையும் சத்தம். கூரையைக் கட்டிப்பிடித்தபடி கிளெமென்ட் அவளையே பார்த்தார்.

கீழே இருப்பவர் இன்னும் கையை இறக்கவில்லை.

க்வெண்டா முதுகைத் திருப்பினாள். மதகை இறக்கி மூடினாள். டிலிஸும் இறக்கினாள். மேல் மதகுக்கு ஓடி, மூச்சிரைக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். தண்ணீர் ஏறியது. படகு முனகி, ஒரு குலுக்கலோடு மிதந்தது.

"பயந்துட்டியா?" என்றாள் கரையிலிருந்து.

"உசுரே போயிடுச்சு." கிளெமென்ட் கூரையிலிருந்து கையை எடுத்தார். "யாருக்குக் கை காட்டினே?"

"ஹெட்லிக்கு."

அவர் படகுக் கயிற்றைக் கரைக் கட்டையில் சுற்றினார். "நான் வேணா இங்கேயே நிக்கறேன். நீ போய்ப் பாத்துட்டு வா."

அவள் போனாள். கடைசி லாக்கின் கதவு இறுகச் சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. தூறலில் நனைந்து கறுத்திருந்த துலாக்கட்டையில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் மரம் உலர்ந்திருந்தது.

அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு. மழை அந்த இடத்தையும் நனைக்கும்வரை கையை எடுக்கவில்லை.

பிறகு மேல் மதகைத் திறந்து லாக்கை நிரப்பத் தொடங்கினாள். மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கிளெம்! ரயிலெல்லாம் வேணாம். படகைக் கொண்டா. பாத்து, முன்னாடியே நிறுத்து!"